பத்து பாட்டிலை யாரிடம் கொடுப்பது? வீட்டில் காய்ச்சிய பீருக்கு உருப்படியான கருத்து பெறும் வழிகள்

ஐந்து கேலன் (சுமார் 19 லிட்டர்) பீர் காய்ச்சினால், அடியில் தங்கும் ஈஸ்ட் வண்டலும் அளவு பார்க்க எடுத்ததும் போக, 12 அவுன்ஸ் பாட்டிலில் 48 தேறும். அதில் பத்தை மூடி போட்ட அன்றே தனி அட்டைப்பெட்டியில் எடுத்து வைத்துவிடுவேன். மற்ற 38 குடிப்பதற்கு. இந்தப் பத்தும் அடுத்த முறை எதை மாற்ற வேண்டும் என்று பிறர் நாக்கைக் கொண்டு தெரிந்துகொள்வதற்கு. நண்பர்களிடம் கொடுப்பதா, பீர் காய்ச்சுவோர் கிளப்புக்குக் கொண்டுபோவதா, போட்டிக்கு அனுப்புவதா, ப்ரூவரி (பீர் ஆலை) நடத்துகிறவரிடம் நீட்டுவதா, வீட்டிலேயே கண்ணைக் கட்டிச் சோதிப்பதா? ஒவ்வொரு முறையும் பெட்டியைத் திறக்கும்போது இந்தக் கேள்வி வருகிறது. டென்வரில் எட்டு ஆண்டுகளாகக் காய்ச்சி வருகிறேன். ஐந்து வழியிலும் பாட்டில்களைச் செலவழித்துப் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் பீர் காய்ச்சுகிறவருக்கு வாடிக்கையாளர் கிடையாது. 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அமெரிக்காவில் இதற்கு வழிவிட்டது. தனியாக இருப்பவர் ஆண்டுக்கு 100 கேலன், வயது வந்தவர்கள் இரண்டு பேரோ அதற்கு மேலோ உள்ள வீட்டில் 200 கேலன் வரை வரியில்லாமல் காய்ச்சலாம், விற்கக் கூடாது. (தமிழ்நாட்டில் இதற்குச் சட்டத்தில் இடமே இல்லை என்பதால், நான் எழுதுவது முழுக்க இந்த ஊர்க் கதை.) டீக்கடை வைத்திருப்பவருக்கு டீ மோசமானால் மறுநாள் பெஞ்ச் காலியாக இருக்கும், அதுவே போதும். நமக்கு அந்த வசதி இல்லை. பீர் எவ்வளவு சுமாராக இருந்தாலும் பாட்டில் தீர்ந்துவிடும், ஏனென்றால் அது இலவசம். ஆகவே கருத்தை நாம்தான் தேடிப் போக வேண்டும்.

எந்த வழி எதைத் தரும் என்பது எனக்கு விளங்கியது ஒரே ஒரு பீரால். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆங்கில பாணியில் பிட்டர் என்ற வகை பீர் ஒன்றைக் காய்ச்சினேன். மாரிஸ் ஆட்டர் மால்ட் (முளைகட்டிய பார்லி), ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் ஹாப் (கசப்பும் மணமும் தரும் பூ). செம்புக் குடத்தை விளக்கி வைத்தது போன்ற நிறம். நுரையும் அழகாக நின்றது. ஆனால் விழுங்கிய பிறகு தொண்டையின் மேல்பக்கத்தில் ஏதோ ஒன்று தங்கியது. கசப்பு அல்ல, புளிப்பும் அல்ல. எனக்கு அதற்குப் பெயர் தெரியவில்லை.

முதலில் நண்பர்கள். ஒரு சனிக்கிழமை மாலை ஆறு பேர் வந்திருந்தார்கள். “அண்ணா, கடையில் வாங்குவதுபோலவே இருக்கிறது” என்றான் ஒருவன். இன்னொருவர் லேபிள் ஒட்டி விற்கலாம் என்றார். அன்போடு சொன்னதுதான், எனக்கும் அன்று நிறைவாகவே இருந்தது. ஆனால் மறுநாள் காலையில் குறிப்பேட்டைத் திறந்தபோது எழுத ஒரு வரி இல்லை.

இதற்காக நண்பர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. விருந்துக்குக் கூப்பிட்டவரின் சாம்பாரில் உப்பு கூடுதல் என்று யார் சொல்வார்கள்? “எப்படி இருக்கிறது?” என்று கேட்டால் அதற்கு ஒரே பதில்தான் உண்டு. கேள்வியை மாற்றினால் அதே நண்பர்கள் பயன்படுவார்கள். இரண்டு விதமாகக் காய்ச்சியதை இரண்டு கிளாஸில் ஊற்றி, எது என்று சொல்லாமல், “இன்னொரு கிளாஸ் குடிப்பதென்றால் இதில் எதை எடுப்பீர்கள்?” என்று கேட்கிறேன். இரண்டுமே என் பீர் என்பதால் யாருக்கும் சங்கடமில்லை. பேச்சைவிட கிளாஸைப் பார்ப்பது மேல். அந்த பிட்டர் அன்று, நான்கு பேர் கால் கிளாஸ் மீதம் வைத்துவிட்டு வேறு பாட்டிலுக்குப் போயிருந்தார்கள். அதை நான் கவனித்தது பாத்திரம் கழுவும்போதுதான்.

ஒரு விஷயத்தில் நண்பர்களின் நாக்கை எந்த நடுவரின் நாக்குக்கும் ஈடாக நான் வைக்க மாட்டேன். பனங்கருப்பட்டி போட்டு போர்ட்டர் என்ற கருநிற பீர் ஒன்றைக் காய்ச்சினேன். கருப்பட்டியைக் கொதியின் கடைசியில் போட்டால் மணம் நிற்கிறதா, நொதித்தல் அடங்கிய பிறகு கரைத்து ஊற்றினால் நிற்கிறதா என்பது என் கேள்வி. போட்டி நடுவர்கள் இருவரும் ‘லேசான புகை, வெல்லப்பாகு’ என்று எழுதினார்கள். அவர்கள் கருப்பட்டியைக் கண்டதே இல்லை. நண்பர் ஒருவரின் தாயார் தூத்துக்குடிப் பக்கம். அவர் மது தொடுவதில்லை. இரண்டு கிளாஸையும் முகர்ந்து மட்டும் பார்த்துவிட்டு, “இதில் கருப்பட்டி இருக்கிறது தம்பி, அதில் வெறும் இனிப்புதான் இருக்கிறது” என்று இரண்டாவதைத் தள்ளி வைத்தார். அவர் ஏற்றுக்கொண்டது நொதித்த பிறகு ஊற்றியது. அன்றோடு அந்தச் செய்முறை முடிவாகிவிட்டது.

பிட்டருக்கு வருகிறேன். அடுத்து அதை ஒரு போட்டிக்கு அனுப்பினேன். இங்கே வீட்டு பீர் போட்டிகள் பெரும்பாலும் பி.ஜே.சி.பி. என்ற நடுவர் அமைப்பின் முறைப்படி நடக்கின்றன. 1985-இல் தொடங்கிய அமைப்பு அது. ஒரு பீருக்கு வழக்கமாக இரண்டு பாட்டில், பத்து டாலருக்கு முன்பின் நுழைவுக் கட்டணம். பாட்டிலில் லேபிள், பெயர் எதுவும் இருக்கக் கூடாது. குறைந்தது இரண்டு நடுவர்கள் சுவைத்துத் தனித்தனியே தாளில் எழுதுவார்கள். மொத்தம் 50 மதிப்பெண்: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, ஒட்டுமொத்த எண்ணத்துக்கு 10. 38-ஐத் தாண்டினால் மிகச் சிறப்பு. 45-க்கு மேல் அபூர்வம்.

என் பிட்டருக்கு 27-ம் 24-ம் வந்தன. ஒருவர் ‘மருந்து போன்ற ஃபீனால் மணம், பாத்திரங்களைக் கிருமிநீக்கம் செய்வதைக் கவனிக்கவும்’ என்று எழுதியிருந்தார். மற்றவர் ‘மருந்து மணம், முடிவில் கடுப்பு. காட்டு ஈஸ்ட் தொற்றாக இருக்கலாம்’ என்றிருந்தார். என் தொண்டையில் நின்றதற்கு முதன்முறையாகப் பெயர் கிடைத்தது. ஒரே மேசையில் இருந்தாலும், பேசிக்கொள்வதற்கு முன் எழுதும் தாளில் இருவரும் அதே சொல்லைப் போட்டிருந்தார்கள். இதைத்தான் போட்டியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். நானோ அவர்கள் சொன்ன காரணத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டேன். குழாய்களையெல்லாம் மாற்றினேன். புதிய நொதிகலம் வாங்கினேன். கிருமிநீக்கியை இரட்டிப்பு நேரம் ஊறவிட்டேன். அடுத்த பீரிலும் அதே மணம்.

நடுவர்கள் மேல் தவறில்லை. அவர்கள் முன்னால் ஒரு பிளாஸ்டிக் கோப்பையும் ஒரு வகை எண்ணும்தான் இருக்கின்றன. எந்தத் தண்ணீர், எந்த வெப்பநிலை, எத்தனை நாள் என்று எதுவும் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் போட்டியின் நேர்மை. ஒரு வரிசையில் பத்துப் பன்னிரண்டு பீர், ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து நிமிடம். அதற்குள் முகர்ந்து, சுவைத்து, எழுதி, இரு மதிப்பெண்களுக்கும் இடைவெளி அதிகமானால் பேசி நெருக்கிக் கொண்டுவர வேண்டும். பீரில் என்ன இருக்கிறது என்பதை அவர்கள் நன்றாகவே சொல்வார்கள். அது எப்படி வந்தது என்பதை ஊகிக்கத்தான் முடியும்.

இன்னொரு கண்ணி, வகை. நடுவர்கள் பீரை நாம் எழுதிக்கொடுத்த வகையோடு ஒப்பிட்டே மதிப்பிடுகிறார்கள். என் பிட்டர் 11பி என்ற ‘பெஸ்ட் பிட்டர்’ வகையில் போனது சரி. ஆனால் கருப்பட்டி போர்ட்டரை முதல் தடவை சாதாரண போர்ட்டர் வகையில் அனுப்பிவிட்டேன். ‘வகைக்குப் பொருந்தாத இனிப்பு மணம்’ என்று தாள் திரும்பி வந்தது. அடுத்த தடவை 31பி, அதாவது மாற்றுச் சர்க்கரை பீர் வகையில், கருப்பட்டி என்றால் என்ன என்று இரண்டு வரி விளக்கத்தோடு அனுப்பினேன். அதே பீருக்கு ஒன்பது மதிப்பெண் கூடியது. ஆகையால் எண்ணைப் பார்த்து மகிழ்வதற்கும் வருந்துவதற்கும் முன், தாளில் உள்ள சொற்களைப் பாருங்கள். நடுவரின் தகுதிநிலை தாளிலேயே இருக்கும். ரெகக்னைஸ்டு, சர்டிஃபைடு, நேஷனல், மாஸ்டர் என்று படிகள் உண்டு. இப்போதுதான் பழகுகிற ஒருவரின் தாளும் மாஸ்டரின் தாளும் வேறுபட்டால் எனக்கு எதை நம்புவது என்பதில் தயக்கமில்லை. இருவரும் ஒரே குறையைச் சொன்னால் தகுதிநிலையைப் பார்க்க வேண்டியதே இல்லை.

போட்டிக்கு அனுப்புகிறவர்கள் ஒரு பாட்டிலை வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்திருக்க வேண்டும். இதை நான் வற்புறுத்தியே சொல்வேன். தாள்கள் வந்துசேரப் பல வாரம் ஆகும். அதற்குள் அந்த பீரின் சுவை நம் நினைவில் மங்கியிருக்கும். தாள் வந்த மாலையில் அந்தப் பாட்டிலைத் திறந்து, ஒரு வரி படித்து ஒரு வாய் குடித்துப் பாருங்கள். ‘பச்சை ஆப்பிள்’ என்று நடுவர் எழுதியது அசிட்டால்டிஹைடு என்ற, முதிராத பீரில் தங்கும் வேதிப்பொருள்தான் என்ற பாடத்தை அப்போதுதான் நாக்கு படிக்கும். உங்கள் பாட்டிலில் நனைந்த அட்டை வாசனை இல்லாமல் நடுவரின் பாட்டிலில் மட்டும் இருந்திருந்தால், அது பயணத்திலும் வெயிலிலும் பழையதாகிவிட்டது என்றும் தெரியும். அமெரிக்க அஞ்சல் துறை மதுவை ஏற்பதில்லை; ஆகவே காரில் போய் நேரில் கொடுக்கக்கூடிய தூரத்தில் நடக்கும் போட்டிகளையே நான் தேர்ந்தெடுக்கிறேன்.

மூன்றாவதாகத்தான் கிளப்புக்குப் போனேன். முதலிலேயே போயிருக்க வேண்டும். வீட்டில் பீர் காய்ச்சுவோர் கிளப்புகள் இந்த நாட்டில் சட்டத்தைவிடப் பழையவை. லாஸ் ஏஞ்சலஸின் மால்டோஸ் ஃபால்கன்ஸ் 1974-இலேயே தொடங்கிவிட்டது. நான் போன கிளப் ஒரு ப்ரூவரியின் பின்னறையில் மாதம் ஒருமுறை கூடுகிறது. அங்கே எழுபதை நெருங்கும் ஒருவர், நேஷனல் தகுதிநிலை நடுவர். என் கிளாஸை வாங்கியவர் குடிக்கவில்லை. உள்ளங்கையால் கிளாஸின் வாயை மூடி, மற்றக் கையின் சூட்டில் ஒரு நிமிடம் வைத்திருந்தார். கையை எடுத்து ஒரே ஒரு முறை முகர்ந்தார். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, கருத்து எதுவும் சொல்லாமல் கேட்டார்:

“தண்ணீர் குழாயிலிருந்து பிடிப்பதா?”

ஆமாம் என்றேன்.

“காய்ச்சுவதற்கு முன் அதை என்ன செய்கிறீர்கள்?”

முந்தின இரவே பிடித்துத் திறந்து வைத்துவிடுகிறேன், குளோரின் போய்விடும் என்றேன்.

“குளோரின் போகும். இந்த ஊரில் போடுவது குளோரமின். அது திறந்து வைத்தாலும் போகாது, கொதிக்க வைத்தாலும் எளிதில் போகாது.” பிறகு என்னையே முகரச் சொன்னார். “சின்ன வயதில் முழங்காலில் ஒட்டிய பிளாஸ்திரியை நினைத்துக்கொள்ளுங்கள்.”

நினைத்தேன். அவ்வளவுதான், மாதக்கணக்கில் இன்னதென்று பிடிபடாமல் தொண்டையில் நின்றது, பள்ளிக்கூட முதலுதவிப் பெட்டியின் வாசனையாக எழுந்து வந்தது. தண்ணீரில் உள்ள குளோரமின், மால்டிலிருந்தும் ஈஸ்டிலிருந்தும் வரும் ஃபீனாலோடு சேர்ந்து குளோரோஃபீனால் ஆகிறது. துளியிலும் துளியாக இருந்தாலே மூக்குக்குத் தெரிகிற பொருள் அது. ஒரு துண்டுக் காகிதத்தில் ‘கேம்ப்டன், அரை மாத்திரை’ என்று எழுதிக் கையில் கொடுத்தார். குளோரமினை நீக்கும் மாத்திரை அது, ஒன்று 20 கேலன் தண்ணீருக்குப் போதும். எனக்குத் தேவை எட்டு கேலன். நொறுக்கிக் கலக்கினால் சில நிமிடங்களில் வேலை முடிந்தது. புதிய நொதிகலத்துக்கு நான் செலவழித்த பணத்தில் ஆயுள் முழுவதுக்கும் அந்த மாத்திரையை வாங்கலாம்.

போட்டித் தாளில் இருந்த அதே மணத்தைத்தான் அவரும் கண்டார். வேறுபாடு, அவரால் என்னைத் திருப்பிக் கேட்க முடிந்தது. குறையிலிருந்து காரணத்துக்குப் போகும் பாதை கேள்வி கேட்டுத்தான் திறக்கும். நாடி பிடிக்கிற வைத்தியரும் ‘நேற்று என்ன சாப்பிட்டாய்?’ என்று கேட்கத்தானே செய்கிறார். அதனால்தான், முதல் பத்துப் பதினைந்து முறை காய்ச்சுகிற எவருக்கும் என் பரிந்துரை கிளப்தான். அந்தக் கட்டத்தில் வரும் குறைகளில் பெரும்பாலானவை செய்முறையில் இருக்கின்றன. தண்ணீர், ஈஸ்டின் அளவு, நொதிக்கும் வெப்பநிலை, பாட்டிலில் அடைக்கும்போது காற்று படுவது.

கிளப்பிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. பழகப் பழக அங்கேயும் மரியாதை வந்து குறுக்கே நிற்கும். எங்கள் கிளப்பில் பாதிப் பேருக்கு ஐ.பி.ஏ. என்ற ஹாப் தூக்கலான பீர் மேல் பித்து, அவர்களிடம் எந்த பீரைக் கொடுத்தாலும் “இன்னும் கொஞ்சம் ஹாப் போடலாம்” என்பார்கள். கூட்டம் தொடங்கியதும் பாட்டிலைத் திறந்துவிடுங்கள். கெட்டியான ஸ்டவுட் இரண்டு சுற்று போன பிறகு மெல்லிய பிட்டரைச் சுவைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. காய்ச்சிய நாளின் குறிப்பேட்டையும் கையோடு கொண்டுபோங்கள். கேட்கிறவருக்குப் பதில் சொல்ல முடியாவிட்டால் கிளப்பும் போட்டியும் ஒன்றுதான்.

ப்ரூவரி நடத்துகிறவர்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அவர்களின் மூக்கு கூர்மையானது, நேரம் குறைவானது. கூட்டமில்லாத செவ்வாய், புதன் பிற்பகலில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போனால் பெரும்பாலோர் மனமுவந்து சுவைக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஒரு தடவையில் ஏழு பேரல், பத்து பேரல் காய்ச்சுகிறவர்கள். ஒரு பேரல் 117 லிட்டர். குளிரூட்டும் உறை போட்ட எஃகுக் கலமும் கரியமில வாயுவால் காற்றை வெளியேற்றும் வசதியும் உள்ளவரின் அறிவுரை, அடித்தளத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்துக்கொண்டிருப்பவருக்கு அப்படியே பொருந்தாது. ஈஸ்ட் பற்றியும் மால்ட் பற்றியும் அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்கிறேன். கருவி பற்றிச் சொன்னால் கேட்டுக்கொள்வதோடு சரி. மால்ட், ஹாப் விற்கும் கடைக்காரர் இந்த வகையில் எனக்கு அவர்களைவிட உதவியிருக்கிறார். தினமும் பத்து வீடுகளின் தவறுகளைக் கேட்கிற காது அவருடையது.

கடைசி வழி, நம் நாக்கையே பழக்குவது. இதைப் பலர் மற்ற வழிகளுக்குக் கீழே வைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மற்ற நான்கு வழிகளில் வரும் சொற்கள் நமக்குப் புரிவதற்கே இது வேண்டும். எளிய சோதனை ஒன்று, பாட்டிலில் அடைப்பதற்கு முன் நான் தவறாமல் செய்வது. நொதிகலத்திலிருந்து இரண்டு சிறு கண்ணாடிக் குப்பிகளில் பீர் எடுக்கிறேன். ஒன்றை மூடி 65 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் இருபது நிமிடம் நிறுத்துகிறேன். மற்றதைச் சும்மா வைக்கிறேன். பிறகு சூடானதை ஆறவைத்து இரண்டையும் முகர்கிறேன். சூடாக்கியதில் மட்டும் வெண்ணெய் மணம் வந்தால், டயசிட்டைல் ஆகப்போகிற பொருள் இன்னும் பீரில் இருக்கிறது என்று பொருள். இன்னும் மூன்று நாள் கதகதப்பாக விட்டால் ஈஸ்டே அதைத் தின்றுவிடும். இதை எந்தப் போட்டித் தாளும் சரியான நேரத்தில் சொல்ல முடியாது. தாள் வரும்போது பீர் பாட்டிலில் இருக்கும், திருத்த வழி இருக்காது. ஆனால் சிலருக்கு டயசிட்டைல் எவ்வளவு இருந்தாலும் மூக்குக்கு எட்டாது. அப்படிப்பட்டவர் வீட்டில் இன்னொருவரை முகரச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் என் மனைவியின் மூக்கு என்னுடையதைவிட நுட்பம். அவர் முகராமல் நான் மூடி போடுவதில்லை.

மாற்றம் உண்மையிலேயே மாற்றம்தானா என்று தெரிந்துகொள்ள முக்கோணச் சோதனை இருக்கிறது. மூன்று கோப்பை, இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. எது வேறு என்று கண்டுபிடிக்க வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு தடவை சரியாக வரும் என்பதால், பத்துப் பேரில் ஏழு பேராவது சரியாகச் சொன்னால்தான் வேறுபாடு உண்டு என்று வைத்துக்கொள்ளலாம். நிறம் காட்டிக்கொடுக்காதபடி உட்புறம் தெரியாத கோப்பை வேண்டும். விலை உயர்ந்த ஒரு ஈஸ்டையும் சாதாரண உலர் ஈஸ்டையும் இப்படிச் சோதித்தபோது பத்தில் நான்கு பேர்தான் சரியாகச் சொன்னார்கள். அந்த நான்கில் நான் இல்லை. அன்றிலிருந்து என் பேல் ஏலுக்கு உலர் ஈஸ்ட்தான். எது நல்லது என்று இந்தச் சோதனை சொல்லாது. வேறுபாடு இருக்கிறதா என்பதை மட்டுமே சொல்லும். அந்தக் கேள்விக்கு இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியாது.

செலவைக் கணக்கிட்டால் முக்கோணச் சோதனைதான் பாட்டிலை அதிகம் தின்கிறது. பத்துப் பேருக்கு ஊற்ற இரண்டு வகையிலுமாக ஐந்தாறு போய்விடும். போட்டிக்கு இரண்டும் பத்து டாலரும். கிளப்புக்கு இரண்டு போதும். ஆனால் ஒரு மாலை முழுதும் பிறர் பீரையும் சுவைத்துக் கருத்து சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து கூட்டிப்போக ஆள் இருந்தால் நல்லது.

இப்போது அடித்தளத்தில் அதே பிட்டர் மறுபடி நொதித்துக்கொண்டிருக்கிறது, கேம்ப்டன் போட்ட தண்ணீரில். அதன் பத்துப் பாட்டில் யார் யாருக்கு என்று இப்போதே பிரித்துவிட்டேன். இரண்டு, அடுத்த மாதக் கிளப் கூட்டத்துக்கு. அந்தப் பெரியவர் முகர்ந்துவிட்டுக் குடிக்கிறாரா என்று பார்க்க வேண்டும். நான்கு, இரண்டு வெவ்வேறு போட்டிகளுக்கு. செய்முறைக் குறை தீர்ந்த பிறகு, இது பெஸ்ட் பிட்டர்தானா என்று முகம் தெரியாத நான்கு பேர் சொல்லட்டும். மூன்று, சனிக்கிழமை நண்பர்களுக்கு. கடையில் வாங்கிய லண்டன் பிரைடு என்ற ஆங்கில பிட்டர் பக்கத்தில், பெயர் சொல்லாமல். மீதி ஒன்று குளிர்பெட்டியின் பின்வரிசையில், தாள்கள் வரும் நாளுக்காக.